பாடத்திட்டச் சீர்திருத்தத்துக்கு ஆட்களைச் சேர்ப்பது எப்படி? புதிய இணைப்பாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பீடாதிபதி கூப்பிட்டு, "பாடத்திட்ட மீளாய்வுக்கு நீங்கள்தான் இணைப்பாளர்" என்று சொல்லி ஒரு பைலைக் கையில் தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த வழிகாட்டி அந்த ஆளுக்கு.

கொழும்பில் ஒரு அரச பல்கலைக்கழகப் பீடத்தில் இரண்டு முறை இந்த வேலையைச் செய்தேன். முதல் முறை எங்கள் வரைவு பீடச் சபையில் இருபது நிமிடத்தில் திருப்பி அனுப்பப்பட்டது. வரைவில் பெரிய பிழை இருக்கவில்லை. யாரிடம் எந்த ஒழுங்கில் போனேன் என்பதில்தான் பிழை. பிறகு வேறு பீடங்களில் புதிதாக வந்தவர்களும் அதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

திட்ட அறிக்கைகளில் "பங்குதாரர்" என்று ஒரு சொல் வரும். எனக்கு அதைக் கேட்டால் கம்பனிப் பங்குதான் ஞாபகம் வரும். இங்கே சம்பந்தப்பட்டவர்கள் என்றே எழுதுகிறேன்: விரிவுரையாளர், பரீட்சைக் கிளை ஊழியர், சங்கங்கள், மாணவர், வேலைக்கு எடுப்பவர்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் பாடநெறிக்குக் கடைசியாக நடந்த தர மீளாய்வின் அறிக்கை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டுப் பிரிவு அனுப்பிய மீளாய்வாளர்கள் எழுதியது. அது உள்ளகத் தர உறுதிப்பாட்டு அலகில் இருக்கும். அதில் குறை என்று சொல்லப்பட்ட இடங்களை மட்டும் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். "இது என் யோசனை" என்று போய் நிற்பதைவிட "மீளாய்வாளர்கள் இதைக் குறித்திருக்கிறார்கள்" என்று போனால் பேச்சு உங்கள் ஆளைப் பற்றி வராது, விடயத்தைப் பற்றி வரும்.

அடுத்தது கடைசி மூன்று பட்ச்களின் பெறுபேறுகள், பாடம் பாடமாக. பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். எந்தப் பாடத்தில் அதிகம் பேர் திரும்ப எழுதுகிறார்கள் என்பது இதில் தெரியும்.

மூன்றாவது, யார் எந்தப் பாடத்தை எந்த மொழிமூலத்தில் எத்தனை மணிநேரம் படிப்பிக்கிறார் என்ற ஒரு தாள். இதை நேர அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள். அட்டவணையில் பேராசிரியரின் பெயர் இருக்கும், வகுப்பை உதவி விரிவுரையாளர் எடுப்பார். திணைக்கள கிளாக்கரைக் கேட்டால் உண்மை வரும்.

அப்புறம் ஒரு நாட்காட்டி. பரீட்சை, விடைத்தாள் திருத்தம், ஏப்ரல் விடுமுறை, போயா நாட்கள், பட்டமளிப்பு எல்லாம் அதில் குறித்திருக்க வேண்டும். விடைத்தாள் கட்டோடு இருப்பவரிடம் சீர்திருத்தம் கதைக்கப் போனால் "நல்லது, செய்யுங்கள்" என்பார். அது சம்மதம் இல்லை, உங்களை அனுப்பிவைக்கிற வழி.

1. எது மாறுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"கல்வியின் தரத்தை மேம்படுத்தல்" என்பது வாக்கியம் இல்லை, பதாகை. "மூன்றாம் ஆண்டுப் பாடங்களில் இறுதிப் பரீட்சைக்கான 70 வீதப் புள்ளியை 50 ஆக்கி, மீதியைத் தொடர் மதிப்பீட்டுக்கு, அதாவது செமஸ்டர் நடுவே வரும் ஒப்படைகள் போன்றவற்றுக்கு, கொடுக்கிறோம்" என்பது வாக்கியம். கேட்டவர் உடனே தன் வேலையில் என்ன மாறும் என்று கணக்குப் போடத் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள்.

அதன் கீழே இரண்டாவது வாக்கியமாக எது மாறாது என்று எழுதுங்கள். பட்டத்தின் பெயர் மாறாது, அனுமதி எண்ணிக்கை மாறாது, கட்டணம் எதுவும் வராது. கடைசியானதை வேண்டுமென்றே சொல்கிறேன். இந்த நாட்டில் உயர்கல்விச் சீர்திருத்தம் என்றதும் இலவசக் கல்வியில் கைவைக்கப் போகிறார்கள் என்ற பயம் முதலில் எழும். அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தை மற்றவர்கள் நிரப்பிவிடுவார்கள். கன்டீனில் ஒரு கதை ஓடத் தொடங்கிவிட்டால் அதைப் பிடிக்க ஒரு செமஸ்டர் போதாது.

புதியவர்கள் செய்யும் பிழை: ஐந்தாறு மாற்றங்களை ஒரே பொதியாகக் கொண்டுவருவது. ஒருவருக்கு அதில் ஒன்று பிடிக்காவிட்டால் முழுவதையும் எதிர்ப்பார்.

2. அனுமதிப் பாதையைத் திகதியோடு வரையுங்கள்

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி கல்வி விடயங்களில் மூதவைக்கும் (செனட்), நிர்வாகத்தில் பேரவைக்கும் (கவுன்சில்) அதிகாரம். நடைமுறையில் உங்கள் காகிதம் திணைக்களக் கூட்டத்தில் தொடங்கி, பீடத்தின் பாடத்திட்டக் குழு, பீடச் சபை, மூதவை, பேரவை என்று ஏறும். பட்டத்தின் பெயரோ காலமோ மாறினால் மானியங்கள் ஆணைக்குழு வரைக்கும், அதாவது அது இருக்கும் வோட் பிளேஸ் வரைக்கும், போக வேண்டும்.

இவை பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு முறை கூடும் சபைகள். நிகழ்ச்சி நிரல் அதற்கு முன்னமே மூடப்படும். ஒரு திகதி தவறினால் ஒரு மாதம் போய்விடும். இரண்டு திகதி தவறினால் புதிய பட்ச் உள்ளே வந்துவிடும், அவர்கள் பழைய பாடத்திட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். ஆகவே புதிய பட்ச் வரும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஆட்களோடு கதைக்க எத்தனை வாரம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். எனக்கு இரண்டாம் முறை பதினொரு வாரம் கிடைத்தது. போதவில்லை, ஆனாலும் சமாளித்தோம்.

இந்தக் கட்டத்திலேயே கிரெடிட் கணக்கையும் பார்த்துவிடுங்கள், பிறகு வெட்கப்பட வேண்டாம். பட்டங்களின் மட்டங்களையும் கிரெடிட்களையும் வரையறுக்கும் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் ஒருவரின் 50 மணிநேர உழைப்பு. வருடத்துக்கு 30 கிரெடிட், 1500 மணிநேரம். நான்கு வருட சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டத்தில் 120 கிரெடிட்.

மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணிநேரம். வகுப்புக்கு 45 போனால் மீதி 105. வாசிப்பு, ஒப்படை, பரீட்சை ஆயத்தம் எல்லாம் அந்த 105க்குள்தான். ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட், 15 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 50 மணிநேரம் வருகிறது. வெள்ளவத்தையில் ஒரு அறையை மூன்று பேரோடு பகிர்ந்து, பின்னேரம் டியூசன் கொடுத்துச் சாப்பாட்டுக் காசு பார்க்கும் பிள்ளைக்கு அந்த 50 ஏற்கெனவே கனம். அதற்கு மேல் ஐந்து பாடத்துக்கும் ஐந்து புதிய ஒப்படைகளைப் போட முன்னர் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். விரிவுரை மணிநேரத்தை மட்டும் எண்ணிவிட்டு மீதியை மறப்பது நான் அதிகம் கண்ட பிழை.

3. ஒவ்வொருவரும் எதை இழப்பார் என்று எழுதுங்கள்

இந்தத் தாளை யாரிடமும் காட்ட வேண்டாம், அது உங்களுக்கு மட்டும். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் அவருக்குப் போவது.

மூத்த பேராசிரியருக்கு இருபது வருடம் படிப்பித்த பாடம் தெரிவுப் பாடமாக இறங்குகிறது. தகுதிகாண் விரிவுரையாளருக்கு மேற்படிப்புக்கு ஒதுக்கிய நேரம் போகிறது. வருகைதரு விரிவுரையாளருக்கு மணிக்கணக்கில் வரும் கொடுப்பனவு குறைகிறது. இப்படி எழுதிக்கொண்டு போனால் யார் எதற்குக் குரலை உயர்த்துவார் என்பது முன்கூட்டியே விளங்கும். பீடச் சபையில் அவர் வேறு காரணம்தான் சொல்வார். "பாடத்தின் ஆழம் குறைகிறது" என்பார். நீங்கள் ஆழத்தைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் விடிய விடியச் சொல்லலாம்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மூன்று மொழிமூலத்திலும் வகுப்பு நடக்கும் திணைக்களத்தில் தமிழ்மூலத்துக்குப் பல நேரம் ஒரே ஒருவர்தான் இருப்பார். சிங்களமூலத்தில் ஒரு புதிய ஒப்படை வந்தால் அதை மூன்று பேர் பிரித்துத் திருத்துவார்கள். தமிழ்மூலத்தில் பிள்ளைகள் குறைவு என்றாலும் நாலு பாடத்துக்கும் அவர் ஒருவரே. வினாத்தாளை மொழிபெயர்ப்பதும் அவர், மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதும் அவர், அடுத்த கட்டிடத்தில் ஒரு சுற்றறிக்கை தமிழில் வேண்டும் என்றால் அதற்கும் அவரையே தேடி வருவார்கள். "தொடர் மதிப்பீட்டை அதிகரிப்போம்" என்ற ஒரு வரி அவருடைய சனிக்கிழமைகளை எடுத்துவிடும். தலையை எண்ணிச் சராசரி வேலைப்பளு போட்டால் இது தெரியாது. அவருடைய வாரத்தைத் தனியாக எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

4. முதல் சந்திப்பு பரீட்சைக் கிளையில்

பீடாதிபதியிடமிருந்து நேராகப் பேராசிரியர்களிடம் போவதுதான் வழக்கம். நான் முதல் முறை அப்படித்தான் போனேன். பரீட்சைக் கிளைக்கு வரைவின் ஒரு பிரதியைக் கடைசி வாரத்தில் அனுப்பினேன், "தகவலுக்காக" என்று எழுதி.

இரண்டாம் முறை முதல் நாளே போனேன். அங்கே நெடுங்காலம் வேலை செய்யும் ஒரு அக்கா, பழைய பெட்டி பைல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மூடியில் கயிறு கட்டியிருந்தது. என் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை வாசித்தார்.

"சேர், பழைய பட்ச் பிள்ளைகள் கொஞ்சப் பேர் இந்தப் பாடத்த இன்னும் ரிப்பீட் பண்றாங்க. பாடத்த நிப்பாட்டினா அவங்களுக்கு யார் பேப்பர் செட் பண்றது?"

நான் யோசித்திருக்கவில்லை. அவர் விடவில்லை. "மற்றது, சிஸ்டத்தில ஒரு பாடத்துக்கு ரெண்டு மார்க்ஸ்தான் போடலாம். நீங்க நாலு கேக்கிறீங்க."

அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு விடயம் வரைவுக்கான குறிப்பில் ஏறின. பழைய ஒழுங்குவிதிகளின் கீழ் சேர்ந்தவர்களுக்கு எத்தனை பரீட்சை வரை பழைய வினாத்தாள் தயாரிக்கப்படும், யார் தயாரிப்பார் என்ற ஒரு பிரிவு. நான்கு மதிப்பீடுகளின் புள்ளியையும் திணைக்களமே கூட்டி, ஒரே எண்ணாக அனுப்பும் என்ற ஒரு முடிவு. முதல் முறை பீடச் சபை எங்கள் காகிதத்தைத் திருப்பி அனுப்பியதற்குக் காட்டிய காரணங்களில் ஒன்று சரியாக அந்தப் பழைய பட்ச் பிரச்சினைதான்.

பரீட்சைக் கிளையை முதலில் வைப்பதற்குக் காரணம் இதுதான்: இங்கே கிடைப்பது கருத்து இல்லை, முடியும் முடியாது என்ற விடை. முடியாத ஒன்றை எடுத்துக்கொண்டு இருபது பேராசிரியர்களிடம் சம்மதம் வாங்கிப் பயன் இல்லை. போகும்போது நாள் பார்த்துப் போங்கள். பெறுபேறு வெளியிடும் வாரத்தில் போனால் கதவிலேயே திரும்ப வேண்டும்.

5. விரிவுரையாளர்களை ஒவ்வொருவராகச் சந்தியுங்கள்

கூட்டம் வைக்காதீர்கள். இன்னும் இல்லை. கூட்டத்தில் ஒருவர் சொன்னதை அவர் பிறகு விட்டுக்கொடுக்க மாட்டார், நாலு பேர் கேட்டுவிட்டார்களே. அவருடைய அறையில், கதவு சாத்தி, ஒரு பிளேன் டீயோடு சொன்னதை அடுத்த வாரம் மாற்றிச் சொல்ல அவருக்கு வெட்கம் இருக்காது.

யாரை முதலில்? எல்லோரும் மதிக்கும், எந்தப் பக்கமும் சாயாத ஒருவரை. கடுமையாக எதிர்ப்பார் என்று நீங்கள் நினைக்கும் ஆளை இரண்டாவதாக. அவரைக் கடைசிக்குத் தள்ளுவது மனித இயல்பு, நானும் செய்தேன். கடைசியில் போனால், மற்ற எல்லோரிடமும் கதைத்த பிறகு தன்னிடம் வந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதன்பின் உங்கள் யோசனை நல்லதா கெட்டதா என்பது இரண்டாம் பட்சம்.

வரைவைக் கொண்டுபோக வேண்டாம். அச்சடித்த இருபது பக்கத்தைக் கண்டால் "எல்லாம் முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்" என்றுதான் படும். அந்த ஒரே வாக்கியம் எழுதிய தாளும் ஒரு வெற்றுத் தாளும் போதும். அவர் பேசும்போது அவர் கண்முன்னே எழுதுங்கள்.

"இதை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். ஆம் என்றால் மரியாதைக்கு ஆம், இல்லை என்றால் நிரந்தரமாக இல்லை. "இதைச் செய்தால் உங்கள் பாடத்தில் எது உடையும்?" என்று கேளுங்கள். ஒருவர் உடைவதைச் சொல்லத் தொடங்கினால் ஒட்டவும் வழி சொல்வார். நான் பயந்துகொண்டு போன ஒரு மூத்த பேராசிரியர், முதல் கால் மணிநேரம் சீர்திருத்தம் என்ற சொல்லையே திட்டினார். பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்து, பல வருடத்துக்கு முன் தானே எழுதிய ஒப்படை வினாக்களை எடுத்துத் தந்தார். எங்கள் குழு தயாரித்ததைவிட அவை நன்றாக இருந்தன.

இளையவர்களைக் கட்டாயம் தனியாகச் சந்தியுங்கள். தகுதிகாண் காலத்தில் இருப்பவரின் நிரந்தரமாக்கலுக்குத் திணைக்களத் தலைவரின் பரிந்துரை வேண்டும். தலைவர் இருக்கும் அறையில் அவர் வாய் திறப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. அவர் சொன்னதைப் பெயரில்லாமல் எழுதுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் காவிக்கொண்டு போகவும் வேண்டாம். ஒரு முறை செய்தால் போதும், அடுத்த கதவிலிருந்து எல்லோரும் வானிலை பற்றி மட்டும்தான் கதைப்பார்கள்.

இன்னொன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன். பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கும் பெறுமதி பாடத்திட்ட வேலைக்குக் கிடைப்பதில்லை. அதனால் நேரம் கேட்கும்போது பதிலுக்கு எதையாவது கையில் கொடுங்கள். எந்தப் பாட அலகை யார் வடிவமைத்தார் என்று ஆவணத்தில் பெயர் போடுங்கள். பீடாதிபதியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள், அவருடைய விண்ணப்பத்தில் இணைக்கலாம். அற்பமாகத் தெரியலாம். ஆனால் இரண்டாம் முறை எங்களுக்கு வந்த பாட அலகு வரைவுகளில் பாதி அந்தக் கடிதம் வரும் என்று தெரிந்த பிறகுதான் வந்தன.

6. சங்கங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்

2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம், நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொல்லி மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது. 2024இல் கல்விசாரா ஊழியர்கள் இறங்கியபோதும் பல்கலைக்கழகங்கள் வாரக்கணக்கில் ஸ்தம்பித்தன. உங்கள் சிறிய பாடத்திட்ட மாற்றத்துக்கு யாரும் வேலைநிறுத்தம் செய்யப் போவதில்லை. ஆனால் வேலைப்பளு கூடுகிறது என்ற செய்தி சங்கத்துக்கு மூன்றாம் ஆள் மூலம் போனால், கேள்வி உங்களிடம் வராது, கடிதமாகத் துணைவேந்தருக்குப் போகும்.

எனவே பீடச் சபைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன் இரண்டு சங்கங்களின் பீடப் பிரதிநிதிகளுக்கும் ஒரு பக்கத் தாள் கொடுத்து, அரை மணிநேரம் கேளுங்கள். அனுமதி கேட்கவில்லை, தெரியப்படுத்துகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கல்விசாரா ஊழியரை விட்டுவிடுவது பொதுவான பிழை. ஆய்வுகூடத்தை ஐந்து மணிக்குப் பிறகு திறந்து வைக்கப் போவது நீங்கள் இல்லை.

7. மாணவரிடம் குப்பியைப் பற்றிக் கேளுங்கள்

பீடச் சபையில் மாணவர் தெரிவு செய்த பிரதிநிதிகள் இருவர் இருக்கிறார்கள். அவர்களோடு கதைத்தால் மாணவரோடு கதைத்தாகிவிட்டது என்று அறிக்கையில் எழுதலாம். உண்மையில் அவர்கள் ஒன்றியத்தின் நிலைப்பாட்டைத்தான் சொல்வார்கள். அதையும் கேளுங்கள், ஆனால் அதோடு நிற்க வேண்டாம்.

கருத்துக்கணிப்புப் படிவம் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் நாலாவது கட்டத்தில் புள்ளடி போட்டுத் தருவார்கள். நான் பிறகு கண்டுபிடித்த நல்ல கேள்வி ஒன்று: "எந்தப் பாடத்துக்குக் குப்பி நடக்கிறது, யார் செய்கிறார்?" பரீட்சைக்கு முன் மூத்த மாணவரோ கெட்டிக்காரச் சகமாணவரோ இரவில் நடத்தும் குப்பி வகுப்புகள் எல்லாப் பாடத்துக்கும் நடப்பதில்லை. விரிவுரையில் விளங்காத பாடத்துக்குத்தான் நடக்கும். நாலைந்து பேரிடம் கேட்டுப் பட்டியல் போட்டால், பெறுபேற்று எண்ணிக்கையோடு பொருந்துவதைப் பார்ப்பீர்கள். பொருந்தாத இடம் இன்னும் சுவாரசியம். பெறுபேறு நன்றாக இருக்கும், குப்பியும் நடக்கும். அங்கே சித்தியடைய வைத்தது விரிவுரை இல்லை.

தமிழ்மூல மாணவரைத் தனியாக, தமிழில் சந்தியுங்கள். கலப்பு மண்டபத்தில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கூட்டம் நடந்தால் அவர்கள் பின் வரிசையில் இருந்துவிட்டுப் போவார்கள். சம்மதம் என்று குறிப்பில் ஏறிவிடும். எங்கள் பீடத்தில் தமிழில் கூடிய அன்றுதான், ஒரு பாடத்துக்குத் தமிழில் வாசிப்பதற்கு இருந்தது பல வருடப் பழைய போட்டோக்கொப்பிக் குறிப்பு ஒன்று மட்டும் என்று தெரியவந்தது. அந்தப் பாடத்துக்குத்தான் நாங்கள் "சுயமாக வாசித்து எழுதும்" ஒப்படையைத் திட்டமிட்டிருந்தோம்! எதை வாசிப்பது?

அவர்களுடைய பயம் பெரும்பாலும் மூன்று: வகுப்புச் சித்தி (முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு) கிடைக்குமா, ஜீபீஏ (தரப்புள்ளிச் சராசரி) எப்படிக் கணக்கிடப்படும், பட்டத்தை வெளியே மதிப்பார்களா. மூன்றுக்கும் எண்ணோடு பதில் வைத்துக்கொண்டு போங்கள்.

8. வெளியாரைக் காலையில் கூப்பிடுங்கள், சரியானதைக் கேளுங்கள்

பின்னேரம் நாலு மணிக்குக் கொழும்பு 3இல் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் நாலே முக்காலுக்குக் காலி வீதி நெரிசலை நினைத்து எழும்பிவிடுவார்கள். காலை எட்டு மணி, ரோல்ஸும் தேநீரும், ஒன்பதரைக்கு முடிவு. இது எங்களுக்கு வேலை செய்தது.

"உங்களுக்கு எப்படிப்பட்ட பட்டதாரி வேண்டும்?" என்று கேட்டால் விடை எப்போதும் ஒன்றுதான்: நல்ல ஆங்கிலம், குழுவாக வேலை செய்யும் பழக்கம். அதைக் கேட்க ஆளைக் கூப்பிடத் தேவையில்லை. "கடைசியாக எடுத்த எங்கள் பட்டதாரி முதல் மாதம் எந்த வேலையில் தடுமாறினார்?" என்று கேளுங்கள். ஒருவர், அறிக்கையின் முதல் பக்கத்தில் முடிவை எழுதத் தெரியவில்லை, பதினைந்தாம் பக்கத்தில் எழுதுகிறார்கள் என்றார். அதை ஒரு ஒப்படையாக மாற்ற முடிந்தது.

வேலைதருநரின் பேச்சை அப்படியே பீடத்துக்குள் கொண்டுவராதீர்கள். "சந்தைக்கு ஏற்ற பட்டம்" என்ற ஒரு சொற்றொடர் போதும், கலைப் பீடத்தில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பல்கலைக்கழகம் ஆட்சேர்ப்பு நிலையம் இல்லை.

தொழில்சார் அமைப்பின் அங்கீகாரம் தேவைப்படும் பட்டம் என்றால் இந்தப் படியை இரண்டாம் படியோடு சேர்த்துச் செய்யுங்கள். பொறியியலுக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம், மருத்துவத்துக்கு இலங்கை மருத்துவ சபை. அவர்களுடைய நிபந்தனை உங்கள் விருப்பத்துக்கு வளையாது.

9. இப்போதுதான் வரைவு, அதன் பிறகு பீடச் சபை

இதுவரை சேர்ந்த குறிப்புகளை வைத்துப் பத்துப் பக்கத்துக்கு மேற்படாமல் எழுதுங்கள். முதல் பக்கத்தில் அந்த ஒரே வாக்கியம். இரண்டாம் பக்கத்தில் ஆட்சேபங்களும் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்ததும். ஏற்காததையும் எழுதுங்கள், ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தோடு. தன் ஆட்சேபம் அச்சில் இருப்பதைப் பார்த்தவர் அதைச் சபையில் திரும்பச் சொல்லி நேரம் எடுப்பது குறைவு.

புதிய ஆளணி தேவை என்று எழுதுமுன் இரண்டு முறை யோசியுங்கள். புதிய பதவிகளுக்கு அரசாங்கத்தின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது உங்கள் பாடத்திட்டத்தின் திகதியைப் பார்த்து வராது. இருக்கும் ஆட்களோடு ஓடும் வடிவம் ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள்.

நிகழ்ச்சி நிரலில் தனி இலக்கம் கேட்டு வாங்குங்கள். "வேறு விடயங்கள்" என்பதன் கீழ் விழுந்தால் எல்லோரும் சாப்பாட்டுக்கு எழும்பும் நேரம் வரும். பிரேரணையை நீங்கள் கொண்டுவர வேண்டாம். தொடக்கத்தில் கேள்வி கேட்டு, பிறகு கூடச் சேர்ந்து எழுதிய ஒருவரிடம் கேளுங்கள். எங்களுக்கு அந்த அலுமாரிப் பேராசிரியர் செய்தார். மறுநாளே கூட்டக் குறிப்பின் வாசகத்தைப் பாருங்கள். "கொள்கையளவில் ஏற்கப்பட்டது" என்பதும் "அங்கீகரிக்கப்பட்டது, மூதவைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது" என்பதும் ஒன்று இல்லை. முதலாவது வாசகத்தோடு மூதவைக்கு ஏற முடியாது.

10. முதல் செமஸ்டர்

அனுமதி வந்ததும் குழு கலைந்துவிடும். அதுதான் ஆபத்தான நேரம்.

முதல் வாரத்தில், கருத்துச் சொன்ன எல்லோருக்கும், பரீட்சைக் கிளையும் மாணவரும் உட்பட, ஒரு பக்கம் அனுப்புங்கள்: நீங்கள் சொன்னது இது, செய்தது இது, செய்யாதது இது. மின்னஞ்சலில் மூன்று மொழியிலும். வட்ஸ்அப்பில் போட்டால் அரை மணிநேரத்தில் மேலே ஏறிக் காணாமல் போய்விடும். இந்த ஒரு பக்கம் போகாவிட்டால் அடுத்த மீளாய்வுக்கு நீங்கள் கதவைத் தட்டும்போது ஒருவரும் நேரம் தரமாட்டார்.

ஆறாம் வாரத்தில் ஒரு கூட்டம். இதற்கு எல்லோரும் ஒன்றாக வரலாம், இப்போது பாதுகாக்க யாருக்கும் நிலைப்பாடு இல்லை. ஒப்படைத் திகதிகள் ஒரே வாரத்தில் மோதுகின்றனவா, திருத்தும் நேரம் எவ்வளவு போகிறது, தமிழ்மூலத்தில் வாசிப்பு வந்து சேர்ந்ததா. இந்த மூன்றும் போதும். எங்கள் கூட்டத்தில் நாலு பாடத்தின் ஒப்படைகள் ஒன்பதாம் வாரத்தில் வந்து நின்றன. இரண்டை ஏழாம் வாரத்துக்கு இழுத்தோம். பரீட்சைக் கிளை அக்கா வரும்போதே பழைய பட்ச் பெயர்ப் பட்டியலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வினாத்தாள் தயாரிக்க ஒப்புக்கொண்டவரிடம் அன்றே கையொப்பம் வாங்கிக்கொண்டுதான் போனார்.